புது நாவலென்றால் படித்துவிட்டுப் போங்கள், கட்டுரை நூலென்றால் படிக்காமலே போங்கள்

கேள்வி: எழுத்தாளர்கள் தங்கள் புதிய புத்தகத்தைப் பற்றிப் பேசும் கூட்டங்களுக்குப் போவதால் வாசகருக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு. எதற்கு எப்போது போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். ஏன் அப்படி என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நான் ஒரு சிறு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பவன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துபவன். தமிழில் வரும் புதுப் புத்தகங்களில் பெரும்பகுதி பொங்கலை ஒட்டிய சென்னைப் புத்தகக் காட்சியைக் குறிவைத்தே அச்சுக்குப் போகும். 1977இல் தொடங்கிய காட்சி அது. அதனால் டிசம்பர் முழுக்க எங்களுக்குத் தூக்கம் கிடையாது. மெய்ப்புப் பார்த்த பாவத்துக்கு வெளியீட்டு விழாக்களுக்கும் போயாக வேண்டும். நாற்காலி போடவும், புத்தகம் விற்கவும் ஆள் வேண்டுமே!

விழா எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் வெளியிடுவார், இன்னொருவர் பெற்றுக்கொள்வார், பொன்னாடைகள் வரும். பிறகு வாழ்த்துரை, கருத்துரை எல்லாம் முடிந்து எழுத்தாளர் ஏற்புரைக்கு எழும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். பாதிப் பேர் பஸ் பிடிக்கப் போயிருப்பார்கள். நாம் யாரைக் கேட்க வந்தோமோ அவருக்குத்தான் நேரம் இருக்காது.

நாவல் விழாவில் இதைவிடப் பெரிய ஆபத்து கருத்துரையாளர்தான். இரண்டு வருடம் முன்பு ஒரு விழாவில் ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். முதல் அத்தியாயத்தில் ஆரம்பித்து, யார் யாரைக் கட்டிக்கொண்டார், யார் கிணற்றில் விழுந்தார் என்று கடைசிப் பக்கம் வரை வந்து சேர்ந்துவிட்டார். மேடையில் ஆசிரியர் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தார், பாவம். என் மேசையில் புத்தகத்தைக் கையில் எடுத்த ஒரு கல்லூரிப் பெண், “அதான் கதை தெரிஞ்சுபோச்சே அண்ணா” என்று சொல்லிக்கொண்டே வைத்துவிட்டுப் போனாள். அதனால்தான் நாவலைப் படித்துவிட்டுப் போகச் சொல்கிறேன். கதை தெரிந்தவரிடமிருந்து யாரும் எதையும் திருட முடியாது.

படித்துவிட்டுப் போனால் இன்னொரு லாபமும் உண்டு. நாவலாசிரியர் நன்றாகப் பேசும் ஒரே பொருள், அந்த நாவல் எப்படி உருவானது என்பதுதான். அது படித்தவருக்குத்தான் ருசிக்கும். விருதுநகர்ப் பக்கத்து எழுத்தாளர் ஒருவர். அவருடைய நாவல் எங்களிடம்தான் வந்தது. ஏற்புரையில் ஏழு நிமிடம்தான் பேசினார். முதலில் மகள் கதை சொல்வதாக எண்பது பக்கம் எழுதியதாகவும், ஒன்றும் கூடிவராமல், அம்மாவின் சீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து திரும்ப ஆரம்பித்ததாகவும் சொன்னார். தூக்கிப்போட்ட எண்பது பக்கத்தில் மிஞ்சியது ஒரே ஒரு வாக்கியமாம். அது எது என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்று அவர் என்னையும் மாட்டிவிட்டார். நான் வேலூர்க்காரன். மெய்ப்பில் ‘கஞ்சிக்கு வெஞ்சனம் இல்லை’ என்று ஒரு வரி வந்தது. ‘வெண்சாதம்?’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தேன். கஞ்சிக்கு எதற்கு வெண்சாதம் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். “வெஞ்சனம்னா தொட்டுக்கிறதுக்கு உள்ளது. எங்க ஊர்ல அது இல்லாத வீட்டைப் பத்திதான் இந்த நாவலே” என்று பெயர் சொல்லாமல் மேடையில் சொன்னார். அரங்கமே சிரித்தது. நான் குனிந்து பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரை நூல் சங்கதி வேறு. அங்கே ரகசியம் என்று காப்பாற்ற ஒன்றும் இல்லை. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஆ.இரா.வேங்கடாசலபதியின் ஆய்வு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. ஊர், ஆள், ஆண்டு எல்லாம் தலைப்பிலேயே இருக்கிறது. 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்ததும் நெல்லை கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள் என்பது முன்பே தெரிந்தவர்களும் வாங்கிப் படிக்கிறார்கள். கட்டுரை நூலில் சொல்லச் சொல்லப் பசி கூடும்.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஏரிப் பாசனம் பற்றி எழுதிய நூலின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் பழைய கால மதகான குமிழித்தூம்பை விளக்கப் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஏரிக்குள், கரையிலிருந்து தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்கும் அல்லவா? அதன் அடியில் இருக்கும் கல்தொட்டிதான் இந்தப் பெட்டி என்றார். மேல்பக்கம் பேனாவால் ஒரு ஓட்டை போட்டார். அது நீரோடி. கீழே பக்கவாட்டில் சின்னதாகச் சில ஓட்டைகள். அவை சேறோடி. மேலே அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் இறங்கும் வேகத்தில் அடியில் படிந்த வண்டலும் இழுபட்டு வயலுக்குப் போகும் என்று காட்டினார். புத்தகத்தில் அது ஒரு பக்க வரைபடம். மெய்ப்பில் இரண்டு முறை பார்த்தும் எனக்குப் புரியாதது, அந்தப் பெட்டியில் புரிந்தது.

ஏரி நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சுபவரை அவர் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “சார், எங்க செங்கல்பட்டுப் பக்கம் கம்புக்கட்டின்னுதான் சொல்லுவாங்க. எங்க தாத்தாவே அதான்” என்றார். ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். “உங்க தாத்தாவுக்குக் கூலி நெல்லா கொடுத்தாங்களா, மானியமா நிலம் விட்டிருந்தாங்களா?” என்று கேட்டு, விற்பனைக்கு வைத்திருந்த பிரதியின் ஓரத்திலேயே எழுத ஆரம்பித்தார். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிரதியை விற்க முடியாது என்பதால் நானே வாங்கிக்கொண்டேன். பத்து சதவீதக் கழிவு போக.