மனையை விற்றுத்தான் கனடா போக வேண்டுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 36. ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பத்து ஆண்டுகளாக மெக்கானிக்கல் என்ஜினியராக இருக்கிறேன். மனைவி பி.காம். படித்தவர், வேலைக்குப் போகவில்லை. இரண்டு பிள்ளைகள். கனடாவின் மாகாண நியமனத் திட்டத்தில் (குடியேற்றத்துக்கு ஒரு மாகாணமே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைப்பது), எக்ஸ்பிரஸ் என்ட்ரி (புள்ளிகளின்படி ஆளை அழைக்கும் குடியேற்ற விண்ணப்ப முறை) வழியாக, மானிடோபா மாகாணத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கிறோம். மனைவியின் பெரியப்பா மகன் அங்குள்ள வின்னிபெக் நகரில் இருக்கிறார். வங்கி வைப்பு 14 லட்சம், மியூச்சுவல் ஃபண்டு 6 லட்சம், பிஎஃப் 11 லட்சம் இருக்கின்றன. 2014-ல் 9 லட்சத்துக்கு வாங்கிய வீட்டு மனை இன்று 32 லட்சம் போகும். கார் கடன் 3 லட்சம் பாக்கி. 7 லட்சம் கொடுத்தால் வேலைக் கடிதமும் நியமனமும் உறுதி என்கிறார் ஒரு ஏஜென்ட். வங்கியில் பணம் காட்டுவதற்கு மனையை விற்கச் சொல்கிறார். மனமில்லை என்றால் என் மாமாவிடம் 10 லட்சம் வாங்கி ஆறு மாதம் கணக்கில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதுமாம். பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வந்ததும், வேறு மாகாணமான ஒன்டாரியோவில் உள்ள டொரண்டோவுக்கு மாறிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: மனையை இப்போது விற்க வேண்டாம். பணம் காட்டுவதற்கு அதை விற்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. கையில் இருப்பதை ஒழுங்குபடுத்தினாலே போதும். ஏஜென்ட் சொன்ன மற்ற மூன்று யோசனைகளும் அதைவிட மோசமானவை. அவற்றில் ஒன்று உங்கள் குடும்பத்தையே ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவின் வாசலில் நிறுத்திவிடும்.

இந்தத் திட்டத்தில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியோடு இணைந்த மாகாண நியமனம் கிடைத்தால் தரவரிசையில் 600 புள்ளிகள் கூடும். அதன்பின் கனடிய மத்திய அரசின் அழைப்பு வருவது ஏறக்குறைய நிச்சயம். ஆனால் நியமனம் கிடைப்பதுதான் நிச்சயமில்லை. இந்தத் திட்டத்துக்கு 2024-ல் 1,10,000 என்று வைத்திருந்த இலக்கை 2025-ல் 55,000 ஆகக் கனடா பாதியாகக் குறைத்தது. 2026-க்கு மீண்டும் உயர்த்தியிருக்கிறார்கள். ஒரே ஆண்டில் இவ்வளவு ஏறி இறங்கும் ஒன்றை நம்பி, பத்தாண்டுகளுக்கு மேல் கையில் வைத்திருந்த சொத்தை அவசரத்தில் விலை பேசக் கூடாது. அவசரமாக விற்பவர் என்று தெரிந்தால் வாங்குபவர் எவ்வளவு குறைப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். கனடாவில் வேலை செய்த அனுபவமோ, செல்லுபடியாகும் வேலை வாய்ப்போடு கூடிய அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டிலிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வருகிறவர்கள், குடியேறியபின் வாழ்வதற்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2025 ஜூலையில் திருத்திய அளவின்படி நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 28,362 கனடிய டாலர். மனைவியும் பிள்ளைகளும் பிறகுதான் வருவார்கள் என்றாலும் நான்கு பேராகத்தான் கணக்கிடுவார்கள். ஒரு டாலர் 65 ரூபாய் என்று வைத்தால் இது 18.4 லட்சம். ஆண்டுதோறும் திருத்துவார்கள் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் நிலவும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாகாணமும் தன் பங்குக்குத் தனியாகக் கேட்கும்.

இந்தப் பணம் ரொக்கமாக எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நிலமும் வீடும் எவ்வளவு மதிப்புள்ளவையானாலும் கணக்கில் வராது, அவற்றின் மேல் வாங்கிய கடனும் வராது. வங்கி தரும் கடிதத்தில் கணக்கு எண், கணக்கு தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பு, நீங்கள் கட்ட வேண்டிய கடன்கள் எல்லாம் இடம்பெற வேண்டும். விண்ணப்பிக்கும்போது மட்டுமல்ல, விசா கைக்கு வரும்போதும் அந்தத் தொகை இருக்க வேண்டும்.

உங்களிடம் வைப்பும் ஃபண்டும் சேர்ந்து 20 லட்சம் இருக்கிறது. தேவையைவிட ஒன்றரை லட்சம் கூடுதல். ஆனால் இது நெருக்கமான இடைவெளி. ரூபாய் சரிந்து டாலர் 71-ஐத் தொட்டால் உங்கள் 20 லட்சம் போதாமல் போய்விடும். அதனால் இப்போதே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். ஃபண்டில் உள்ள 6 லட்சத்தை உங்கள் பெயரிலோ கூட்டுக் கணக்கிலோ வங்கி வைப்பாக மாற்றுங்கள். பங்குச் சந்தை இறங்கும் மாதத்தில்தான் உங்களுக்கு அழைப்பு வரும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். அடுத்து, மாதச் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்து இருப்பை 22 லட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். கார் கடனுக்கு இந்த வைப்பைத் தொடாதீர்கள். தவணையாகவே கட்டுங்கள், அல்லது கிளம்பும்போது காரை விற்று அடையுங்கள். ஆறு மாதச் சராசரி இன்றிலிருந்தே ஓடத் தொடங்கட்டும்.

மாமாவின் 10 லட்சம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். திருப்பித் தருவதாக வாங்கும் பணம் கடன். கடன் வாங்கிய பணத்தைத் தன் பணம் என்று காட்டுவது கனடாவின் குடிவரவுச் சட்டப்படி பொய்த் தகவல் தருவது. கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டுகள் விண்ணப்பிக்கவே முடியாது. இருப்பு திடீரென்று உயர்ந்தால் அது எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்பார். மாமா மனமுவந்து, திரும்பக் கேட்கும் எண்ணமே இல்லாமல் கொடுத்தால் அது வேறு விஷயம். அன்பளிப்புக் கடிதம் எழுதி, வங்கி வழியாகவே வாங்கிக்கொள்ளலாம். தாய்மாமன் தரும் அன்பளிப்புக்கு இந்தியாவில் வருமான வரியும் கிடையாது. ஆனால் அது உண்மையான அன்பளிப்பாக இருக்க வேண்டும்.

ஏஜென்டின் 7 லட்சத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. நியமனத்தை மாகாணம்தான் தருகிறது, அதை வெளியில் யாராலும் உறுதி சொல்ல முடியாது. வேலைக் கடிதத்துக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் கிடைத்துவந்த கூடுதல் புள்ளிகளையும் 2025 மார்ச் 25 முதல் கனடா நீக்கிவிட்டது. காசுக்குக் கடிதம் விற்கும் வியாபாரம் பெருகியதுதான் அதற்கு ஒரு காரணம். ஆக, அவர் விற்கும் கடிதம் பொய்யானால் ஆபத்து, மெய்யானாலும் அந்தப் புள்ளிகள் இல்லை. உதவி தேவைப்பட்டால் குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் உரிமம் பெற்றவரையோ கனடிய வழக்கறிஞரையோ மட்டும் அணுகுங்கள். உரிமம் உண்டா என்பதை அந்தக் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம். படிவங்களை நிரப்புவது உங்களைப் போன்ற படித்தவருக்குக் கடினமே இல்லை.

நியமனம் வரும்வரை செலவாவது என்ன? இருவருக்கும் ஆங்கிலத் தேர்வு, இருவரின் பட்டங்களுக்கும் கல்வி மதிப்பீடு, மாகாணத்தின் விண்ணப்பக் கட்டணம். மானிடோபா 500 டாலர் வாங்குகிறது, ஒன்டாரியோ என்றால் 1,500 டாலருக்குக் குறையாது. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள் முடியும். திட்டம் கைகூடாவிட்டால் நீங்கள் இழப்பது அவ்வளவுதான் என்று இருக்க வேண்டும். அதைத் தாண்டி ஒரு ரூபாயும் நியமனத்துக்கு முன் வெளியே போகக் கூடாது. மனைவியின் தேர்வையும் மதிப்பீட்டையும் மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், அவருடைய ஆங்கிலத்துக்கும் படிப்புக்கும் புள்ளிகள் உண்டு.

நியமனம் வந்து மத்திய அரசின் அழைப்பும் வந்தால் 60 நாட்களுக்குள் முழு விண்ணப்பத்தையும் அனுப்ப வேண்டும். 2024 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணப்படி பெரியவர் ஒருவருக்கு 950 டாலர், அதோடு நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம் 575; பிள்ளை ஒருவருக்கு 260; குடும்பத்துக்குக் கைரேகைப் பதிவு 170. ஆக 3,740 டாலர், ஏறக்குறைய 2.4 லட்சம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தக் கட்டணங்கள் உயரும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 575 திரும்ப வரும், 950 வராது. இந்தத் தொகையையும் மருத்துவப் பரிசோதனை, விமான டிக்கெட் செலவுகளையும் காட்டிய 22 லட்சத்திலிருந்து எடுக்கக் கூடாது. தனியாக 6 லட்சம் வேண்டும். அழைப்பு வருவதற்குள் அதைச் சம்பளத்திலிருந்து சேர்க்க முடியவில்லை என்றால், அந்த நேரத்தில் கொஞ்சம் நகையை விற்றுச் சமாளிப்பதுகூட மனையை விற்பதைவிடச் சுலபம்.

காட்டும் பணத்தை முன்கூட்டியே கனடாவுக்கு அனுப்ப வேண்டியதில்லை, இந்திய வங்கியில் இருந்தாலே போதும். பிறகு அனுப்பும்போது கவனியுங்கள்: ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் மிகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். உங்கள் பெயரில் மட்டும் 18.4 லட்சம் அனுப்பினால் 1.68 லட்சம் மாட்டிக்கொள்ளும். அது வரித் தாக்கலில் திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனால் புது ஊரில் கால் ஊன்றும் மாதங்களில் கையில் இருக்காது. நீங்களும் மனைவியும் அவரவர் பான் எண்ணில் பாதிப் பாதியாக அனுப்பினால் பிடித்தமே இல்லை.

கனடா கேட்கும் 28,362 டாலர் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்நாட்டின் குறைந்த வருமான வரம்பில் பாதி அது. சிக்கனமாக வாழ்ந்தால் ஓர் அரையாண்டு தாங்கும். உங்களுக்கு வேறு ஒரு தடையும் உண்டு. கனடாவில் மாகாண அமைப்பின் உரிமம் இல்லாமல் ‘என்ஜினியர்’ என்ற பட்டத்தோடு பணியாற்ற முடியாது, அந்த உரிமத்துக்கு ஆண்டுகள் ஆகலாம். பராமரிப்புத் தொழில்நுட்பர், மேற்பார்வையாளர் போன்ற வேலைகளில் தொடங்கவேண்டி வரும். அதற்காக மனம் தளர வேண்டாம், வருமானக் கணக்கை மட்டும் அதற்கேற்பப் போடுங்கள். இங்கேதான் பிஎஃப் கைகொடுக்கும். நிரந்தரமாக வெளிநாடு போகிறவர் முழுத் தொகையையும் எடுக்கலாம்; ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பணியில் இருந்ததால் வரியும் இல்லை. விசா வந்து வேலையை விட்டதும் விண்ணப்பித்து, கனடாவில் இறங்குவதற்குள் கணக்கை முடித்துவிடுங்கள். அந்த 11 லட்சம் உங்கள் இரண்டாவது அரையாண்டு. போனவுடன் குழந்தை நலத் தொகைக்கும் விண்ணப்பியுங்கள். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் அது உண்டு, குடும்ப வருமானம் குறைவாக இருக்கும் முதல் ஆண்டில் பெரிய உதவி.

டொரண்டோ யோசனையை மறந்துவிடுங்கள். பிஆர் பெற்றவர் நாட்டுக்குள் எங்கும் செல்லலாம் என்று கனடிய உரிமைச் சாசனம் சொல்வது உண்மை. ஆனால் நியமிக்கும் மாகாணத்தில் வாழும் எண்ணம் உண்மையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். மனத்தில் டொரண்டோவை வைத்துக்கொண்டு அதை எழுதினால் அதுவும் பொய்த் தகவல்தான். வாடகைக் கணக்கிலும் அது தவறு. உங்கள் சேமிப்பு வின்னிபெக்கில் நீடிக்கும் அளவுக்கு டொரண்டோவில் நீடிக்காது. தெரிந்த உறவினர் இருக்கும் ஊரைவிட்டு, யாரும் இல்லாத ஊருக்கு ஏன் போக வேண்டும்?

மனைக்கு வருவோம். வெளிநாடு போனபின் விற்றால் வரி கூடிவிடும் என்று பலரும் பயமுறுத்துவார்கள். உங்கள் மனைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலத்தை விற்கும்போது, இந்தியாவில் வசிப்பவர் பணவீக்கச் சரிக்கட்டலோடு (வாங்கிய விலையை விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டு) 20 சதவீதமோ, அது இல்லாமல் 12.5 சதவீதமோ, எது குறைவோ அதைக் கட்டலாம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு 12.5 மட்டுமே. இதற்கான பணவீக்கக் குறியீட்டெண் 2014-15-ல் 240, 2025-26-ல் 376. அதன்படி உங்கள் 9 லட்சம் 14.1 லட்சமாகிறது, லாபம் 17.9 லட்சம், வரி 3.58 லட்சம். மற்ற வழியில் லாபம் 23 லட்சம், வரி 2.88 லட்சம். இங்கே இருந்து விற்றாலும் 12.5 சதவீதத்தைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள் என்பதால், போனபின் விற்பதால் வரி விகிதத்தில் இழப்பு இல்லை. தொந்தரவு ஒன்று உண்டு: வெளிநாட்டில் இருப்பவரிடம் வாங்குபவர், குறைந்த பிடித்தத்துக்கான சான்றை நீங்கள் முன்பே வாங்கித் தராவிட்டால், முழு விலையின் மேலேயே வரியைப் பிடிப்பது வழக்கம். 32 லட்சத்துக்கு அது செஸ்ஸோடு 4 லட்சத்தைத் தாண்டும். அதிகப்படியானதைத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும்.

கனடா பக்கத்தில் செய்தி நல்லது. நீங்கள் குடியேறும் நாளில் மனைக்கு என்ன சந்தை மதிப்போ, அந்த விலைக்கு அன்று வாங்கியதாகவே கனடிய வரித்துறை எடுத்துக்கொள்ளும். 9 லட்சத்திலிருந்து 32 லட்சம் வரை ஏறியதற்கு அங்கே வரி இல்லை. அதற்கு மேல் ஏறும் தொகையில் பாதிதான் வருமானத்தில் சேரும். இந்தியாவில் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு நிலையில் என் பதில் மாறும். மனையின் எல்லையிலோ பட்டாவிலோ தகராறு இருந்தால், தூரத்திலிருந்து உங்களால் அதைக் காக்க முடியாது. அப்படியானால் நியமனத்துக்காகக் காத்திராமல் நல்ல விலை வரும்போது விற்றுவிடுங்கள். தகராறு இல்லை என்றால், மானிடோபாவில் நிலையான வேலையில் ஓராண்டு ஓடியபின் முடிவெடுங்கள். கிளம்புவதற்கு முன் வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பார்த்து, சுற்றிலும் கல் நட்டு, நம்பிக்கையான ஒருவருக்குப் பராமரிப்புக்கு மட்டுமான பவர் எழுதிக் கொடுங்கள்; விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்க வேண்டாம். நீங்கள் வின்னிபெக்கில் இறங்கும் தேதியைக் குறிப்பிட்டு, அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் மனையின் மதிப்பறிக்கை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கனடிய வரித்துறைக்குக் காட்ட வேண்டியது அந்த அறிக்கைதான்.