குருநாகல் கார் சேலில் நிற்கும் கரவனை ஒட்டுசுட்டானில் இருந்தபடியே வாங்கலாமா?

ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஹயருக்கு ஓடவும் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றவும் ஒரு வான் தேடுகிறாராம். குருநாகல் பக்கத்துக் கார் சேல் ஒன்றில் நிசான் கரவன் ஈ25, டீசல், நிற்கிறது. படங்கள் வட்ஸ்அப்பில் வந்துவிட்டன, பார்க்கப் பளபள என்று இருக்கிறது. கனடாவில் இருக்கிற அண்ணன் காசு போடத் தயார். சேல்காரர் சொல்வது: "இன்னொரு ஆள் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், இரண்டு லட்சம் அட்வான்ஸ் போட்டால் உங்களுக்குப் பிடித்து வைக்கிறேன், மீதியை அனுப்பினால் மாங்குளம் சந்திக்கே கொண்டுவந்து தருகிறேன்." போய்வர நேரமில்லை, சிங்களமும் அவ்வளவாக வராது, பாராமலே வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

வாங்கலாம். வன்னியில் ஓடுகிற வான்களில் எத்தனையோ அப்படித்தான் வந்தன. ஆனால் நீங்கள் பாராமல் வாங்கலாமே ஒழிய, யாருமே பாராமல் வாங்கக் கூடாது. நீங்கள் கூலி கொடுத்து அனுப்புகிற ஒருவருடைய கண், சேல்காரரின் கூலியில் இல்லாத ஒருவருடைய கண், அந்த வானுக்கு அடியில் போய்வரும்வரை ஒரு சதமும் போகக் கூடாது. அட்வான்சும்தான்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஈ25 கரவன் 2001 தொடங்கி 2012 வரை வந்த மொடல், அதாவது ஆகப் புதியதுக்கே வயது போய்விட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் நாட்டில் இருந்த வான்களே கை மாறிக் கை மாறி ஓடின, ஓய்வில்லாமல் ஓடின, விலையும் இறங்கவில்லை. அதனால் பழைய வானுக்குப் புதுப் பெயின்ட் அடித்துச் சீற் கவர் மாற்றி நிறுத்துவது இப்போது நல்ல வருமானமுள்ள வேலை. படத்தில் நீங்கள் பார்ப்பது அந்த வேலையைத்தான்.

முதலில் எஞ்சினைப் பற்றிக் கேட்காதீர்கள், புத்தகத்தை, அதாவது பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். எஞ்சின் பிழைத்தால் காசு போகும், புத்தகம் பிழைத்தால் வானே போகும். பதிவுச் சான்றிதழின் இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தரமாட்டேன், வந்தால் காட்டுகிறேன் என்று சொன்னால் கதை அதோடு முடிந்தது, வேறு வான் தேடுங்கள். வந்தால் நாலு விஷயம் பாருங்கள். உரிமையாளர் பேர் யாருடையது? சேல்காரருடையதாக அநேகமாக இருக்காது, அது வழமைதான், ஆனால் அந்தப் பேருக்குரிய ஆள் உயிரோடு இருக்கிறாரா, கையெழுத்து வைக்க வருவாரா என்பது முக்கியம். அடுத்தது, அப்சலூட் ஓனர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கொம்பனியின் அல்லது வங்கியின் பேர் இருக்கிறதா? இருந்தால் அந்த வான் இன்னும் அவர்களுடையது. "லீசிங் முடிந்துவிட்டது, கடிதம் மட்டும் எடுக்கவேண்டும்" என்பார்கள். நல்லது, எடுத்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பேரை நீக்கிவிட்டுப் பேசட்டும். சண்டை முடிந்த பிறகு ஏ9 வீதி நகரங்களில் லீசிங் கந்தோர்கள் வரிசையாக முளைத்ததும், தவணை தவறிய வீடுகளுக்கு, வாகனத்தைப் பறித்துப் போகிற சீசர்மார் வந்து இறங்கியதும் நமக்குத் தெரியாததா? இன்னொருவர் கட்டாமல் விட்ட தவணைக்காக உங்கள் வீட்டு முற்றத்தில் இருந்து வானைத் தூக்கிக்கொண்டு போவார்கள், உங்களிடம் இருக்கிற தனியார் ஒப்பந்தத்தை அவர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்.

மூன்றாவது, உற்பத்தி வருடமும் முதற்பதிவு வருடமும். விளம்பரத்தில் போடுவது எது கூடவோ அதைத்தான். 2011 என்று சொல்கிற வான் 2007இல் செய்து நாலு வருடம் யப்பானில் ஓடிவிட்டு வந்ததாக இருக்கலாம். அதில் பிழை இல்லை, ஆனால் விலையை உற்பத்தி வருடத்தை வைத்துப் பேசுங்கள். நாலாவது செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும். இவை வானில் அடித்திருக்கிற இடத்தை வீடியோவில், வெட்டாமல் ஒரே ஓட்டமாக, நம்பர் பிளேட்டில் தொடங்கி இலக்கம் வரைக்கும் எடுத்து அனுப்பச் சொல்லவேண்டும். தனிப் படமாக அனுப்பினால் அது எந்த வானின் இலக்கம் என்று யாருக்குத் தெரியும்? செசி இலக்கத்தைச் சுற்றிப் புதுப் பெயின்ட், வெல்டிங் அடையாளம், எழுத்துகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி நிற்பது, இதில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். இடிபட்டுச் சப்பையான வானின் புத்தகத்தை வாங்கி வேறொரு வானுக்குப் போடுகிற வேலை இந்த நாட்டில் நடக்கிறதுதான். எஞ்சின் மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் ஏறியிருக்கவேண்டும், "பிறகு ஏற்றலாம்" என்றால் அந்த அலைச்சல் உங்கள் தலையில்.

சேல்காரர் அனுப்புகிற படத்தோடு நிற்காமல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்துச் சரிபாருங்கள். படத்தைத் திருத்துவது இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை.

ஓபன் பேப்பர் பற்றியும் சொல்லவேண்டும். பழைய உரிமையாளர் கையெழுத்து வைத்து, வாங்குபவர் பேர் வெறுமையாக விட்ட படிவங்கள் கைக்குக் கை போகும். ஊரே அப்படித்தான் செய்கிறது என்பார்கள். ஆனால் அந்தப் பழைய உரிமையாளர் செத்துப்போனாலோ வெளிநாடு போனாலோ கையெழுத்து ஒத்துப்போகாவிட்டாலோ உங்கள் பேருக்கு வான் வருவது பெரும்பாடு. படிவத்தோடு அவருடைய அடையாள அட்டைப் பிரதியை வாங்குங்கள், அவரோடு நேரடியாக ஒரு தடவை போனில் பேசுங்கள், "வானை விற்றீர்களா, யாருக்கு, காசு முழுக்க வந்ததா" என்று கேளுங்கள். சிங்களம் வராவிட்டால் தெரிந்த ஒருவரைப் பேச வையுங்கள். அந்த ஒரு அழைப்பில் வெளிவருகிற கதை சில வேளை முழு வியாபாரத்தையும் மாற்றிவிடும். விற்பனை ஒப்பந்தம் சிங்களத்தில் இருந்தால், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கேட்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம், "உள்ளபடியே பார்த்து ஏற்றுக்கொண்டேன்" என்கிற மாதிரி வரி எங்கேயாவது இருக்கும். பாராமல் வாங்குகிறவர் அந்த வரிக்குக் கையெழுத்து வைத்தால் பிறகு கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

சரி, இனி வான்.

பழைய ஈ24 கரவனில் வந்த டி.டி.27 எஞ்சினை மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ இருக்கிற எந்தக் கராஜிலும் கழற்றிப் பூட்டுவார்கள், அதில் கம்ப்யூட்டர் வேலை ஒன்றும் இல்லை. ஈ25 டீசலில் இருப்பது 3 லீற்றர் இஸட்.டி.30. இழுவை நல்லது, ஏ.சி. போட்டு ஆள் நிறைய ஏற்றினாலும் ஏற்றத்தில் மூச்சு வாங்காது. ஆனால் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிற டீசல் பம்பும், பெரும்பாலும் டர்போவும் இருக்கிற எஞ்சின் அது. பம்போ டர்போவோ போனால் செலவு பெரிது, திருத்தவும் வவுனியாவுக்கோ அதற்கு அப்பாலோதான் போகவேண்டும். ஹயருக்கு ஓடுகிறவருக்கு வான் நிற்கிற ஒவ்வொரு நாளும் நட்டம். ஆகவே இந்த வானில் மெக்கானிக் முதலில் பார்க்கவேண்டியது அந்த இரண்டையும்தான், பெயின்டை இல்லை.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவேண்டும். உங்கள் ஆள் போகும்போது வான் ஏற்கெனவே சூடாக இருந்தால், ஆறும்வரை தேநீர் குடித்துவிட்டு வரட்டும். கரவனுக்கு எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருப்பதால் சீற்றைத் தூக்கிக் கையை அருகில் கொண்டுபோனாலே சூடு தெரியும். ஸ்டார்ட் ஆனதும் பின்னால் நின்று புகையைப் பார்க்கவேண்டும்: நீலம் என்றால் ஒயில் எரிகிறது, கறுப்பாகத் தொடர்ந்து தள்ளினால் டீசல் பக்கமோ டர்போ பக்கமோ கோளாறு, வெள்ளை ஆரம்பத்தில் கொஞ்சம் வந்து நின்றால் பரவாயில்லை, நிற்காமல் வந்தால் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபு என்று தள்ளுகிறதா? ரேடியேற்றர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா? பிறகு முன், பின் ஏ.சி. இரண்டையும் போட்டு ஒரு மணித்தியாலமாவது பெரிய வீதியில் ஓட்டவேண்டும், சேலைச் சுற்றி ஒரு ரவுண்ட் அடிப்பது ஓட்டமே இல்லை. வெப்பமானி முள் ஏறாமல் நிற்கவேண்டும்.

கிலோமீற்றர் வாசிப்பை நம்பவேண்டாம், அது பற்றி இனிப் பேசவும் வேண்டாம். யப்பானில் ஏலம் விடும்போது வாகனத்தின் நிலையை எழுதுகிற ஏலத்தாளைக் காட்டினால் அது கப்பலில் ஏற முன்னர் எழுதியது, இங்கே வந்த பிறகு நடந்ததை அது சொல்லாது. ரயர் மட்டும் பொய் சொல்லாது: பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. "புது ரயர் போட்டது" என்று சொன்னதைப் படத்திலேயே சரிபார்த்துவிடலாம்.

வெள்ளத்தில் நின்ற வானா என்று பார்ப்பது இப்போது கட்டாயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு நாட்டின் பல இடங்களில் வெள்ளம் நின்றது, அதில் மூழ்கிய வாகனங்கள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? கழுவி, காயவைத்து, வாசனை அடித்து நிறுத்தியிருப்பார்கள். சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். சீற் பூட்டிய ஆணிகள், கால் விரிப்புக்குக் கீழே தகடு, டாஷ்போர்டுக்கு அடியில் வயர்ச் சந்திகள், இங்கெல்லாம் துருவும் மண்ணும் தங்கும். கம்ப்யூட்டர் வைத்த எஞ்சினுக்கு வயர் கறள் பிடித்தால் அந்த வருத்தம் மாறாது, ஒன்று போக ஒன்று வரும். இன்னொன்று: நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் மீன் ஏற்றிய வான்களுக்கு உப்புத் தண்ணீர் ஒழுகி அடித்தளம் அரித்திருக்கும். மேலே இருந்து ஒன்றும் தெரியாது. இழுக்கும் கதவின் தண்டவாளம், படி, சில்லு வளைவு, உதிரிச் சில்லு தொங்குகிற இடம், இவற்றைக் கீழே படுத்துப் பார்த்து, ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கவேண்டும். ஒரு சின்னக் காந்தத்தையும் கொண்டுபோகச் சொல்லுங்கள், வானின் உடம்பில் அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்த பட்டிப் பசைதான் இருக்கிறது.

யாரை அனுப்புவது? கொழும்புப் பக்கத்தில் வாகனத்தைப் பார்த்து அறிக்கை எழுதித் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன, வேண்டுமானால் பயன்படுத்துங்கள். என்னைக் கேட்டால் உங்கள் ஊரில் கரவன் திருத்துகிற மெக்கானிக்கையே பஸ்ஸில் ஏற்றி அனுப்புவேன். பஸ் காசு, சாப்பாடு, அவருடைய ஒரு நாள் கூலி. நாளைக்கு அந்த வானை அவரிடம்தானே கொண்டுபோகப் போகிறீர்கள், அதனால் அவர் மழுப்பமாட்டார். சிங்களம் பேசுகிற ஒரு சாரதியும் கூடப் போனால் இன்னும் நல்லது. வாங்காமல் திரும்பி வந்தாலும் கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். "வேண்டாம்" என்று சொன்னால் கூலி குறையும் என்று தெரிந்த ஆள் எப்படியாவது "வாங்கலாம்" என்றுதான் சொல்லுவார்.

காசு விஷயத்தில் அண்ணனோடு முதலில் பேசுங்கள். கனடாவில் இருந்து நேரே சேல்காரரின் கணக்குக்குப் போட்டால், ஒப்பந்தத்தில் உங்கள் பேர், காசு போட்டது இன்னொருவர், பிரச்சினை வந்தால் பொலிஸில் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அண்ணன் உங்கள் கணக்குக்குப் போடட்டும், அங்கிருந்து நீங்கள் போடுங்கள். சேலின் பேரில் உள்ள கணக்குக்கு மட்டும், முதலாளியின் மச்சானுடைய கணக்குக்கு இல்லை. மெக்கானிக் பார்த்துச் சரி சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம், அதற்கும் பற்றுச்சீட்டில் வாகன இலக்கம், முழு விலை, எத்தனை நாளைக்கு, புத்தகத்தில் குறை வந்தால் திருப்பித் தருவோம் என்ற வரி, எல்லாம் இருக்கவேண்டும். மீதிக் காசை வான், மூலப் புத்தகம், கையெழுத்து வைத்த படிவங்கள் மூன்றும் உங்கள் ஆளின் கைக்கு வருகிற நேரத்தில், சேல்காரரின் வங்கிக் கிளையிலேயே வைத்துக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

மாங்குளத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்பதை நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். முழுக் காசும் முதலே கேட்பார்கள், வருகிற வழியில் ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்காது. சாரதி போய், பாதெனிய, அனுராதபுரம், வவுனியா என்று ஓட்டிக்கொண்டு வரட்டும். அதற்கு முதல் உங்கள் பேரில் கவர் நோட், அதாவது தற்காலிகக் காப்புறுதிச் சீட்டு எடுத்துவிடுங்கள், பழைய உரிமையாளரின் முழுக் காப்புறுதி உங்களுக்குத் தானாக வந்து ஒட்டாது. வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியையும் பாருங்கள், முடிகிற மாதிரி இருந்தால் அதைப் புதுப்பிக்கத் தேவையான புகைப் பரிசோதனையைச் சேல்காரரே செய்து தரவேண்டும் என்று விலை பேசும்போதே கேளுங்கள். பம்பு சரியில்லாத டீசல் வான் அங்கேயே பிடிபடும்.

பிள்ளைகளை ஏற்றுகிற எண்ணம் இருப்பதால், காசு போட முன்னர் ஆசன எண்ணிக்கை புத்தகத்தில் எத்தனை என்று போட்டிருக்கிறது என்பதையும், உள்ளே உண்மையில் எத்தனை பூட்டியிருக்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடச் சேவைக்கு அந்த வான் சரிவருமா என்று மாகாணப் போக்குவரத்து அதிகாரசபையில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.