சியாட்டிலிலிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை குழந்தைகளோடு காரில் கேம்பிங் போகிறோம். வழியில் ஜியோகேஷிங் செய்வது நேர விரயமா?

விரயமே இல்லை. பார்க்க வேண்டிய இடங்கள் என்று எழுதி வைத்திருப்பீர்களே, அதில் இரண்டை எடுத்துவிட்டாவது இதற்கு நேரம் ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன். நாங்கள் சியாட்டிலுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் குடியிருக்கிறோம். மகளுக்கு எட்டு வயதில் தொடங்கினோம், இப்போது அவளுக்குப் பதினான்கு. நீங்கள் போகப்போகும் அதே பாதையில் இரண்டு கோடை விடுமுறைகளில் கூடாரமும் அடுப்புமாகப் போய் வந்திருக்கிறோம். உங்கள் பிள்ளைகளுக்கு 6, 10 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். சரியான வயது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். யாரோ ஒருவர் ஒரு டப்பாவுக்குள் சிறு நோட்டு ஒன்றை வைத்து, தனக்குப் பிடித்த இடத்தில் ஒளித்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுகிறார். நாம் ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடித்து, நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். அந்த டப்பாவுக்குப் பெயர்தான் கேஷ். பணம் இல்லை, ஒளித்து வைத்த பொருள் என்று அர்த்தம். ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வந்தது. அதை 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியதும், சாதாரண மக்களின் கருவிகள் காட்டும் இடம் சட்டென்று துல்லியமானது. மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊர்ப்பக்கம் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

இனி உங்கள் பயணத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலை 90ல் கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் ஸ்னோக்வால்மி கணவாய் வந்துவிடும். ஹையாக் என்ற இடத்தில் காரை நிறுத்துங்கள். அது மாநிலப் பூங்காவின் இடம் என்பதால் காருக்கு டிஸ்கவர் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால், நூறு வருடத்துக்கு மேல் பழைய ரயில் சுரங்கம் ஒன்று வாய் திறந்து நிற்கும். தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதையாக்கிவிட்டார்கள். நீளம் 3.7 கிலோமீட்டர். உள்ளே விளக்கு கிடையாது. ஜூலை வெயிலிலும் உள்ளிருந்து ஐஸ்பெட்டியைத் திறந்தது போலக் காற்று வரும். அந்தச் சுரங்கத்தின் மறுமுனையைத் தாண்டி, காட்டுச் சரிவில் இருக்கிறது ஏப் கேஷ். 2001ல் ஒரு ஹாலிவுட் படத்தின் விளம்பரத்துக்காக உலகின் பல இடங்களில் ஒளித்து வைத்த பெட்டிகளில் ஒன்று. 2011ல் காணாமல் போய், 2016ல் திரும்பக் கிடைத்து, பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

எட்டு வயதில் என் மகள் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் காலை வலிக்கிறது என்பாள். அந்தச் சுரங்கத்தில் போக வர ஏழரை கிலோமீட்டரும் தானே நடந்தாள். தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் சுவரில் வழியும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். நடுவில் ஓர் இடத்தில் விளக்கை அணைத்துவிட்டு நின்றோம். தூரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு வெளிச்சம். "அம்மா, அதுதான் வெளியா?" என்று கேட்டாள். நடக்க நடக்க அந்தப் புள்ளி கண் முன்னால் பெரிதாவது அவளுக்கு அப்படிப் பிடித்துப்போனது. பெட்டியைத் திறந்தபோது பாட்டி திருச்செந்தூரில் வாங்கிக் கொடுத்த சோழி ஒன்றை உள்ளே போட்டாள். ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வைக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் வழக்கம். அவள் எதையும் எடுக்கவில்லை, சோழியை மட்டும் வைத்தாள். அன்றிலிருந்து எங்கே போனாலும் அவள் பையில் ஒரு பிடி சோழி இருக்கும். உங்கள் பிள்ளைகளும் அப்படி ஏதாவது எடுத்து வரட்டும். தின்பண்டமும் வாசனைப் பொருளும் மட்டும் கூடாது. கரடியும் அணிலும் டப்பாவைக் கடித்துக் குதறிவிடும்.

அடுத்து சொல்வதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். கணவாயைத் தாண்டி நேராகப் போகாமல் வடகிழக்கே திரும்பி, சன் லேக்ஸ் - டிரை ஃபால்ஸ் மாநிலப் பூங்காவில் ஓர் இரவு தங்குங்கள். சுற்று வழிதான், பரவாயில்லை. அங்கே எர்த்கேஷ் செய்யுங்கள். எர்த்கேஷில் டப்பாவே இருக்காது. ஓர் இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையும் மண்ணையும் பார்த்துச் சில கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பினால், கண்டுபிடித்ததாகக் கணக்கு. அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் முயற்சியில் 2004ல் தொடங்கியது.

நாங்கள் முதல் முறை போனபோது ஊரிலிருந்து அம்மாவும் வந்திருந்தார். முழங்கால் வலியால் மலையேற முடியாது. இங்கே காரை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் போதும். எதிரே 120 மீட்டர் உயரத்தில், 5 கிலோமீட்டருக்கு மேல் அகலத்தில், குதிரை லாட வடிவில் கறுப்புப் பாறைச் சுவர். கீழே சின்னச் சின்னக் குளங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சீசன் இல்லாத நேரத்துல குத்தாலம் மாதிரில்லா இருக்கு. இங்க விழுந்த தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டார். எர்த்கேஷின் கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான்.

விடை இது. கடைசிப் பனியுகத்தில் வடக்கேயிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் ஓர் ஆற்றை அடைத்துவிட்டது. அதற்குப் பின்னால் மொன்டானாவில் பிரமாண்டமான ஏரி ஒன்று தேங்கியது. பனி அணை உடையும்போதெல்லாம் அந்த ஏரித் தண்ணீர் மொத்தமும் இந்தப் பக்கம் பாய்ந்தது. ஒரு முறை இல்லை, பல முறை. அந்த வெள்ளம்தான் எரிமலைப் பாறையைப் பிய்த்தெடுத்து இந்தச் சுவரைச் செதுக்கியது. 1920களில் ஹார்லன் பிரெட்ஸ் என்ற புவியியலாளர் இந்த நிலத்தில் நடந்து நடந்து பார்த்துவிட்டு, இது பெருவெள்ளத்தின் வேலை என்று எழுதினார். பல பத்தாண்டுகள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. 1979ல், அவர் தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு, அதே புவியியல் சங்கம் தன் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கத்தைக் கொடுத்தது. அந்த மனிதர் நின்ற இடத்தில் அம்மாவும் பேத்தியும் நின்று, பாறையில் எத்தனை அடுக்கு தெரிகிறது என்று விரல் நீட்டி எண்ணினார்கள். இரண்டு பேருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. மூன்று முறை எண்ணினார்கள். எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கும் காட்சி அது.

அடுத்த நாள் மொன்டானாவின் மிசூலா ஊருக்குள் நுழையும்போது மாலை. வெயில் சாய்ந்து மலைச்சரிவில் பட்டுக்கொண்டிருந்தது. பின்சீட்டிலிருந்து மகள் கத்தினாள், "அங்க பாருங்க, மலையில கோடு போட்டிருக்கு!" ஊரை ஒட்டியிருக்கும் புல் மலைகளில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைவாட்டில் மெல்லிய கோடுகள். அந்த ஏரி அலையடித்து விட்டுப் போன கரைத் தடங்கள். இன்று ஊர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் முந்நூறு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது. டிரை ஃபால்ஸில் அரை மணி நேரம் நின்று அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடியிராவிட்டால் நாங்கள் பெட்ரோல் போட்டுக்கொண்டு போயிருப்போம். அந்த மலைகள் எங்களுக்கு வெறும் மலைகளாகவே இருந்திருக்கும். நேர விரயமா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இந்த ஒரு மாலைதான்.

யெல்லோஸ்டோனில் ஒன்றை மனதில் வையுங்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லாமல் டப்பா ஒளித்து வைக்கக் கூடாது. அதனால் பூங்காவுக்குள் நீங்கள் தேடப்போவது பெரும்பாலும் எர்த்கேஷும், டப்பா இல்லாத விர்ச்சுவல் கேஷும்தான். பிள்ளைகள் ஏமாறாமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெந்நீர் ஊற்றுப் பகுதிகளில் மரப்பலகைப் பாதையை விட்டு ஓர் அடி கூட இறங்கக் கூடாது. மேலே மண் போலத் தெரிவது மெல்லிய ஓடு, அடியில் கொதிக்கும் நீர். திரையில் அம்புக்குறி எங்கே காட்டினாலும் சரி, இறங்க வேண்டாம். காட்டெருமையிடமிருந்து குறைந்தது 23 மீட்டர், கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. பதிலுக்குத் தேவையான தகவல் பலகை பக்கத்தில் எருமை படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை காத்திருங்கள். நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரமும் கொண்டாட்டம்.

செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். இந்தப் பாதையில் பல மணி நேரம் ஒரு கோடு கூடக் காட்டாது. முதல் பயணத்தில் நான் எதையும் பதிவிறக்கி வைக்காமல் போய், இரண்டு நாட்கள் ஒன்றுமே தேட முடியவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கேஷ் விவரங்களையும் வரைபடத்தையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஜியோகேஷிங் தளத்தில் கட்டணச் சந்தா வேண்டியிருக்கும், ஒரு மாதத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டால் போதும். ஒவ்வொரு கேஷுக்கும் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம், நடை எவ்வளவு கடினம் என்று 1 முதல் 5 வரை இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள். ஆறு வயதுக் குழந்தையோடு போகும்போது இரண்டுமே 2க்கு மேல் போக வேண்டாம். டப்பாவின் அளவையும் பாருங்கள். மைக்ரோ என்று போட்டிருந்தால் விரல் அளவு குழாயில் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருக்கும், குழந்தைகளுக்குச் சப்பென்று போய்விடும். ரெகுலர் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பேனா கட்டாயம்.

பக்கத்தில் போனதும் போனைப் பையில் போட்டுவிடுங்கள். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் பாறை இடுக்கிலும் ஜிபிஎஸ் பத்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதற்குப் பிறகு கண்தான் வேலை செய்ய வேண்டும். காட்டில் குச்சிகள் தானாக ஒன்றுக்கொன்று இணையாக விழாது. பட்டை ஒன்று மரப்பொந்தை அழகாக மூடியிருந்தால் யாரோ மூடியிருக்கிறார்கள். இப்படிப் பார்க்கப் பழகிய குழந்தை, காளானையும் பறவைக்கூட்டையும் மான் தடத்தையும் நமக்கு முன்னால் பார்த்துவிடும். கையை மட்டும் எடுத்தவுடன் உள்ளே விட வேண்டாம். கணவாய்க்குக் கிழக்கே வறண்ட பாறை நிலத்தில் ராட்டில்ஸ்நேக் என்ற விஷப்பாம்பு உண்டு. முதலில் ஒரு குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் கை வைக்கட்டும். கணவாய்க்கு மேற்கே ஈரக்காட்டில் நம் ஊர்க் காஞ்சொறி போலத் தொட்டால் எரியும் செடி நிறைய. முழுக்கால் சட்டை போட்டு விடுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். ஈரக்காடு ஒன்றில் டப்பாவைத் தேடிப் போனபோது, விழுந்து கிடந்த பெரிய மரத்தைச் சுற்றி, ஆண்டுக்கணக்கில் வளர்ந்த பாசி முழுவதையும் தேடி வந்தவர்கள் மிதித்து உரித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். நடைபாதையிலிருந்து அந்த மரம் வரை புதிதாக ஓர் ஒற்றையடித் தடமே விழுந்திருந்தது. அந்த மாதிரி மரத்தின் மேல்தான் அடுத்த தலைமுறைக் கன்றுகள் வேர் பிடிக்கும். நாங்கள் தேடாமல் திரும்பிவிட்டோம். வைத்தவருக்குத் தெரியும்படி தளத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். அவர் இரண்டு வாரத்தில் டப்பாவை எடுத்து, பாதையோரத்துப் பாறைக்கு மாற்றினார். உங்களுக்கும் அப்படி ஓர் இடம் தென்பட்டால் எண்ணிக்கைக்காக உள்ளே இறங்காதீர்கள், ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அப்புறம், ஒரு குப்பைப் பையும் எடுத்துப் போங்கள். வரும் வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வருவது இந்த விளையாட்டில் பழைய வழக்கம். ஆறு வயதுப் பிள்ளையிடம் பையைக் கொடுத்துப் பாருங்கள், ஒரு தாளைக் கூட விடாது.

ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று போதும். கூடாரம் போட்ட பிறகு, சமையலுக்கு முன்னால், தங்கும் பூங்காவுக்குள்ளேயே ஒரு கேஷ் இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டி வந்த அலுப்பில் ஒருவர் படுத்திருக்க, மற்றவர் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். சுரங்கத்துக்குத் தலைக்குக் கட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும். ஸ்வெட்டரைப் பெட்டிகளுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள், கிளம்பிய ஒரு மணி நேரத்தில் அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.