ஆறாவது சிட்டிங்குக்கு முன் போட்ட கையெழுத்து

கேள்வி: எனக்கு 47 வயது, ஏற்காட்டில் இருக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு முன் கன்னத் தொய்வு சரியாகட்டும் என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு ஸ்கின் கிளினிக்கில் ரேடியோ ஃப்ரீக்வென்சி (ரேடியோ அலையால் தோலைச் சூடேற்றி இறுக்கும் சிகிச்சை) பேக்கேஜ் எடுத்தேன். எட்டு சிட்டிங், 72,000 ரூபாய். முழுவதும் முன்கூட்டியே கட்டிவிட்டேன். மாதம் ஒரு சிட்டிங் என்றுதான் சொன்னார்கள். மூன்று முடிந்ததும் கல்யாணத்துக்குள் முடித்துவிடலாம் என்று வாரம் ஒன்றாக மாற்றினார்கள். ஐந்தாவது சிட்டிங்கில் இடது கன்னத்தில் சூடு தாங்கவில்லை. மறுநாள் சிவந்து கொப்புளம் வந்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்; 'நார்மல்தான் மேம், ஐஸ் வைங்க' என்று பதில் வந்தது. எட்டு நாள் கழித்து அதே கன்னத்தில் ஆறாவதையும் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு ஃபார்மில் கையெழுத்து வாங்குவார்கள், நான் படித்ததில்லை. இப்போது இரண்டு மாதம் ஆகிறது. அந்த இடம் கறுத்திருக்கிறது, விரலால் தடவினால் சின்னப் பள்ளம் தெரிகிறது. கேட்கப் போனால் ரிசப்ஷனில் மரியாதையில்லாமல் பேசினார்கள். கல்யாண ஆல்பத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, வீட்டிலும் ஏச்சு. 30,000 தருகிறோம், எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் மீதி இரண்டோடு இன்னும் இரண்டு சிட்டிங் இலவசம் என்கிறார்கள். போலீசில் புகார் கொடுத்து 20 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: ரிசப்ஷனில் பேசிய பேச்சு, ஆல்பம், வீட்டு ஏச்சு மூன்றையும் ஓரமாக வையுங்கள். மன உளைச்சல் என்று நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவில் ஒரு பத்தி போகும், அதற்கு மேல் அவற்றுக்கு வேலை இல்லை. தொய்வு போகவில்லை என்பதும் வழக்கு ஆகாது. எந்த மருத்துவரும் பலனுக்கு உத்தரவாதம் தருவதில்லை. அவர்கள் எழுத்தில் தந்திருந்தால் ஒழிய அது சேவைக் குறைபாடு அல்ல.

'மாதம் ஒன்று என்று சொல்லிவிட்டு வாரம் ஒன்று செய்தார்கள்' என்பதைத்தான் பெரிய பாயிண்டாக நினைக்கிறீர்கள். அதில் ஏறி நின்றால் விழுவீர்கள். இடைவெளி மெஷினைப் பொறுத்தது. ஜெல் தடவி, மேல்தோல் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்படி தேய்த்துச் சூடேற்றும் மென்மையான பைபோலார், மல்ட்டிபோலார் வகையில் வாரம் ஒன்றோ இரண்டு வாரத்துக்கு ஒன்றோ, ஆறு முதல் எட்டு சிட்டிங் வரை செய்வது வழக்கத்தில் உள்ளதுதான். ஊசி இறக்கிச் சூடேற்றும் மைக்ரோநீட்லிங் வகையென்றால் மூன்று, நான்கு சிட்டிங் போதும், நடுவே நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். ஆழமாகச் சூடேற்றும் மோனோபோலார் வகையை ஒரே முறை செய்துவிட்டு இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை காத்திருந்து பார்ப்பார்கள், ஏனென்றால் தோலை இறுக்கமாக வைக்கும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாக அத்தனை காலம் ஆகும். உங்களுக்கு எந்த மெஷின் என்று கடிதத்தில் இல்லை. ஜெல் வகையாக இருந்து நீங்கள் 'வாரம் ஒன்று தப்பு' என்று மனு போட்டால், எதிர்த்தரப்பு ஒரு பாடநூல் பக்கத்தை நகல் எடுத்து வைத்தே முடித்துவிடும். அதோடு, 'கல்யாணத்துக்குள் முடித்துக் கொடுங்கள்' என்று நீங்களே வாட்ஸ்அப்பில் கேட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம். தேடிப் பாருங்கள். இருந்தால் அழிக்காதீர்கள், அவர்கள் போனிலும் அது இருக்கும்.

சட்டப்படி நிற்பது ஒரே ஒரு விஷயம். கொப்புளம் வந்த தோலில், அது ஆறுவதற்குள், வந்தது தெரிந்தே மறுபடி சூடு வைத்தார்கள். எந்த மெஷினாக இருந்தாலும் ஆறாத தோலில் சூடேற்றக் கூடாது. இதற்கு பாடநூல் தேவையில்லை. 'தெரிந்தே' என்பதை நிரூபிப்பது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வாட்ஸ்அப் படமும் பதிலும்தான். கொப்புளத்துக்கு நேரடியாக ஐஸ் வைக்கச் சொன்னதே முதலுதவிக்கு விரோதம். குளிர்ந்த நீர்தான் ஊற்ற வேண்டும். அந்த பதிலை எழுதியவர் மருத்துவரா, கவுன்டரில் இருந்தவரா என்பதும் பின்னால் வரும் கேள்வி.

இனி அந்த ஃபார்ம். ஆறாவது சிட்டிங்குக்கு முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் நடுவில் எங்கோ 'முந்தைய சிட்டிங்குக்குப் பிறகு எரிச்சல், கொப்புளம், நிறமாற்றம் ஏதும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஒரு கட்டம். கட்டத்தில் டிக் போட்டது நீங்களா, அவர்களா? கையெழுத்தும் டிக்கும் ஒரே பேனாவா? டிக் உங்களுடையது இல்லை என்று சாதிக்க முடிந்தாலும் கையெழுத்து உங்களுடையது. இந்த வகை வழக்குகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கொப்புளப் படத்தை எட்டு நாள் முன்பே அனுப்பியிருப்பதால் உங்களுக்கு அந்த டிக்கை உடைக்க வழி இருக்கிறது. படம் இல்லாதவர்களுக்கு அந்த டிக் அப்படியே நிற்கும்.

ஆகவே மீதியுள்ள ஏழாவது, எட்டாவது சிட்டிங்குக்கும் போகக் கூடாது, இலவசமாகத் தரும் இரண்டுக்கும் போகக் கூடாது. போனால் அதே ஃபார்மில் இன்னொரு கையெழுத்து விழும். 'இவ்வளவு பாதிப்பு என்றால் ஏன் மறுபடி வந்தார்' என்ற குறுக்கு விசாரணைக் கேள்வியும் ஓசியில் கிடைக்கும். தோலுக்கும் அது நல்லதல்ல. கருமை மாதங்களில் மங்கலாம். பள்ளம் வேறு சங்கதி: சூட்டில் அடியிலுள்ள கொழுப்பு கரைந்ததால் வந்திருந்தால் அது தானாக நிரம்புமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மேலே மேலே சூடு வைத்தால் அது ஆழமாகத்தான் வாய்ப்பு.

சரிசெய்கிறேன் என்று வேறு கிளினிக்கில் லேசர், பீல், ஃபில்லர் எதுவும் இப்போதைக்கு செய்யாதீர்கள். அங்கே கை வைத்த மறுநாளே முதல் கிளினிக், 'இந்தத் தழும்பு எங்களுடையதல்ல' என்று சொல்லும். பள்ளத்தில் ஃபில்லர் போட்டுவிட்டால் காட்டுவதற்கே பள்ளம் இருக்காது. முதலில் பதிவு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஓபி சீட்டுப் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர், கருமையா பள்ளமா, எதனால் வந்திருக்கலாம் என்று சீட்டிலேயே எழுதித் தரக் கேளுங்கள். தனியார் டாக்டர் சான்றை 'காசுக்கு எழுதியது' என்பார்கள், அரசு ஓபி சீட்டை அப்படிச் சொல்வது கடினம். படம் எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: நேராக ஃபிளாஷ் அடித்தால் பள்ளம் தெரியாது. ஜன்னல் பக்கம் நின்று வெளிச்சம் பக்கவாட்டில் விழ, கன்னத்தோடு ஒரு ஸ்கேலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். வாரம் ஒரு முறை, அதே ஜன்னல், அதே நேரம். படத்தை மூல ஃபைலாகவே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலில் எடுத்த தேதி விவரம் போய்விடும். சாட்டில் டிஸப்பியரிங் மெசேஜ் (செய்தி தானாக அழியும் வசதி) ஆன் ஆகியிருந்தால் இன்றே அணையுங்கள். அந்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன் கீழ் மின்னணு ஆதாரத்துக்கான சான்றுரை போட உங்கள் வக்கீலுக்கு அது வேண்டும்.

பதிவுகளைக் கேட்கும் வரிசைதான் பாதிப் பேருக்குத் தப்புகிறது. முதலில் வக்கீல் நோட்டீஸ் போகக் கூடாது. நோட்டீஸ் போன அன்றே சிட்டிங் கார்டில் காலியாக இருந்த கட்டங்கள் நிரம்பிவிடும். முதலில் சாதாரண ஒரு பக்கக் கடிதம், கோபம் துளியும் இல்லாமல்: 'என் சிகிச்சைப் பதிவுகளின் நகல் தேவை. ஒவ்வொரு சிட்டிங்கும் நடந்த தேதி, மெஷின் பெயர், எனர்ஜி அளவு, செய்தவர் பெயர், கையெழுத்திட்ட படிவங்கள்.' கிளினிக்கில் நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் டெலிவரி அத்தாட்சியோடு. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் பதிவுகளைத் தர வேண்டும், மூன்று ஆண்டு அவற்றை வைத்திருக்கவும் வேண்டும். அதே விதிகள் ரசீதிலும் மருந்துச் சீட்டிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் 72,000 ரூபாய் ரசீதைப் புரட்டுங்கள். எண் இல்லாமல், டாக்டர் பெயரே இல்லாமல் இருந்தால் அது உங்களுக்கு இன்னொரு கைப்பிடி. கிளினிக் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்று மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்கவும் செய்யலாம்.

பதிவு தராவிட்டாலும் நஷ்டமில்லை. தராததே பிறகு ஆணையத்தில் அவர்களுக்கு எதிராக நிற்கும்.

போலீஸ் வேண்டாம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவர் மீது குற்ற வழக்குக்கு மிக உயர்ந்த அளவிலான அலட்சியம் வேண்டும் என்றும், சுயேச்சையான மருத்துவக் கருத்து இல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. ஸ்டேஷன் படியேறி ஆறு மாதம் போகும். அதற்குள் கிளினிக் முன்ஜாமீன், வக்கீல் என்று இறுகி, பணம் திருப்பித் தரும் மனநிலையே போய்விடும். கூகுள் ரிவ்யூவும் அப்படியே. 'திருடர்கள், கன்னத்தை எரித்துவிட்டார்கள்' என்று எழுதினால் அவதூறுக்கு நோட்டீஸ் வரும், பேச்சுவார்த்தையில் அதை வாபஸ் வாங்குவதையே அவர்கள் விலையாக வைப்பார்கள்.

20 லட்சமா? மாவட்ட ஆணையத்தின் வரம்பு கொடுத்த பணத்தைப் பார்த்துத்தான், கேட்கும் பணத்தைப் பார்த்து அல்ல. நீங்கள் கொடுத்தது 72,000; ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமும் இல்லை. அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தோன்றும். ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர் முதல் பக்கத்தில் 20 லட்சத்தைப் பார்த்ததும் மீதிப் பக்கங்களை சந்தேகத்தோடு படிப்பார். பேக்கேஜ் பணம், பில் உள்ள மருத்துவச் செலவு, பள்ளத்தை நிரப்ப ஆகும் என்று டாக்டர் எழுதித் தரும் மதிப்பு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, இவ்வளவுதான்.

'பணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் அச்சிட்டிருப்பார்கள். அதை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று மனுவில் எழுதினால் அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான் என்று உங்களை சென்னைக்கு அனுப்பப் பார்ப்பார்கள். எழுத வேண்டியது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)-இல் உள்ள 'நியாயமற்ற வணிக நடைமுறை': குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்ப மறுப்பது அதில் நேரடியாகவே வருகிறது. வார்த்தை ஒன்று மாறினால் ஊரே மாறிவிடும்.

சமரசம் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் அவர்கள் நீட்டும் தாளில் அல்ல. 30,000-க்கு அவர்கள் தயாரித்திருக்கும் தாளில், 'இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை, முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கும். அப்படிக் கையெழுத்துப் போட்டதாலேயே புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது என்று 1999-இல் ஒரு இன்சூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கினார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒரு வாரம் யோசித்து, காபி குடித்துக்கொண்டு போட்ட கையெழுத்தை மிரட்டல் என்று நிரூபிக்க முடியாது. ஆறு மாதம் கழித்துப் பள்ளம் அப்படியே இருந்தால் அந்த 30,000-தான் உங்கள் கன்னத்துக்கு முழு விலை.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். இப்போது பேக்கேஜ் பணத்துக்கு மட்டும் ஒப்பந்தம். தாளில் இந்த வரி இருந்தாக வேண்டும்: 'இத்தொகை சிகிச்சைப் பேக்கேஜ் கட்டணத்தைத் திருப்பியளிப்பதாகும், இடது கன்னத்தில் ஏற்பட்ட பாதிப்பு குறித்த கோரிக்கை இதில் அடங்காது.' இந்த வரிக்கு ஒப்பாவிட்டால் தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 72,000 முழுதும் கேளுங்கள், 60,000 வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நான்கு சிட்டிங் உங்களுக்கு ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது, அதையும் சேர்த்துப் பிடிவாதம் பிடித்தால் பேச்சு முறியும். பணம் பேங்க் வழியாக வர வேண்டும், ரொக்கம் வேண்டாம்.

பள்ளத்துக்கான கணக்கை ஐந்தாவது சிட்டிங் நடந்த தேதியிலிருந்து ஆறு மாதம் ஆனதும் அதே ஓபி பிரிவில் மறுபடி காட்டி முடிவு செய்யுங்கள். மங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்காக வழக்கு நடத்துவது ஏற்காட்டிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறும் பஸ் செலவுக்குக்கூடத் தகாது. மங்கவில்லை என்றால் அப்போது நோட்டீஸ், பிறகு மனு. மனுவுக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. 'பேசிக்கொண்டிருக்கிறோம், அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று கிளினிக் இழுக்கும் நாட்களுக்குத் தள்ளுபடி கிடையாது, அவையும் அந்த இரண்டு ஆண்டுக்குள்தான் சேரும். கணக்கை ஆறாவதிலிருந்து அல்ல, ஐந்தாவது சிட்டிங் தேதியிலிருந்து போட்டுக் காலண்டரில் குறியுங்கள்.