பத்திரிகை கொடுத்த பிறகு கல்யாணம் தள்ளிப்போனால்

பாட்டி தவறிவிட்டார், ஆனிக் கடைசியில் கல்யாணம், செங்கோட்டையில் பாதிப் பத்திரிகை கொடுத்தாயிற்று, கேரளத்துப் புனலூர்ச் சம்பந்திக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் செய்தி பரவுமுன் உங்கள் அப்பாவோ தாய்மாமாவோ போனில் பேசட்டும். தள்ளிவைப்பு என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நின்றே போய்விட்டதாக ஊர் பேசும்.

பதினாறு கழிவதற்குள் ஆடி வந்துவிடும். சம்பந்தி வீட்டாருக்கும் அது கர்க்கடக மாதம், கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆவணியில் கேளுங்கள், ஓண நாட்களை மட்டும் விட்டுவிட்டு.

தாம்பூலத்தோடு அழைத்த வீடுகளுக்கு நேரில் போங்கள். மண்டபம், சமையல்காரர், மேளம் மூன்றுக்கும் இன்றே சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மேளத்தை மறந்துவிட்டோம். விடியற்காலை நான்கு மணிக்குப் பூட்டிய மண்டப வாசலில் தவிலை இறக்கிவைத்துவிட்டுப் போன் செய்தார் மனிதர்.