மருத்துவர் பதில்கள்: கடிக்காமலே கொப்புளம் தரும் பூச்சி

கேள்வி: எங்கள் வீடு பூதப்பாண்டிக்கு அருகே வயலை ஒட்டி இருக்கிறது. கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடை தொடங்கியதிலிருந்து இரவில் டியூப் லைட்டைச் சுற்றிச் சிறு பூச்சிகள் மொய்க்கின்றன. சென்ற வாரம் என் ஒன்பது வயது மகளின் கழுத்தில் கோடு இழுத்தாற்போல் சிவந்து, மறுநாள் கொப்புளங்களாகி, கடுமையாக எரிந்தது. அது அக்கி என்றும் காவியால் எழுதினால் ஆறிவிடும் என்றும் மாமியார் சொல்கிறார். ஆசிட் பூச்சி கடித்திருக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இதில் எது சரி? என்ன மருந்து போடலாம்?
– ஒரு வாசகி, தோவாளை வட்டம்

பதில்: பூச்சியைப் பொறுத்தவரை பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதே சரியாக இருக்கக்கூடும், ஆனால் அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. பெடரஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த இந்த வண்டு 7 முதல் 10 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். தலை கறுப்பாகவும், மார்பும் வயிறும் செம்மஞ்சளாகவும், குட்டையான மேற்சிறகுகள் நீலப்பச்சையாகவும் இருப்பதால், பார்ப்பவர்கள் இதை வண்டு என்றே எண்ணாமல் பெரிய எறும்பு என்று நினைத்துவிடுகிறார்கள். இதன் உடல்நீரில் பெடரின் என்ற நச்சு உண்டு. வண்டு நம் மேல் ஊர்ந்து செல்வதால் மட்டும் பொதுவாகத் தீங்கு நேராது. தூக்கக் கலக்கத்தில் தட்டும்போதோ தேய்க்கும்போதோ அது நசுங்கி, அந்த நீர் தோலில் கோடாகப் பரவுகிறது. தேய்த்த கை போன வழியே காயமும் போவதால்தான் மகளின் கழுத்தில் கோடு விழுந்திருக்கிறது. முழங்கையின் உட்புறத்தில் பட்டால், கையை மடக்கும்போது எதிர்ப்பக்கத் தோலிலும் நச்சு ஒட்டி, இரண்டு இடங்களிலும் ஒரே வடிவில் புண் தோன்றுவதுண்டு.

எரிச்சல் உடனே தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரம் கழித்தே தோல் சிவக்கும்; ஆகவே காலையில் கண்ட சிவப்புக்கு அன்றைய இரவைவிட அதற்கு முந்தைய நாள் காரணமாக இருந்திருக்கலாம்.

மாமியாரின் ஐயத்தையும் புறந்தள்ள வேண்டாம், ஏனெனில் அக்கியும் கொப்புளமும் எரிச்சலுமாகவே வரும். ஆனால் அக்கி, சின்னம்மை வைரஸ் பல ஆண்டுகள் நரம்பில் தங்கியிருந்து மீண்டும் கிளம்புவதால் வருவது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், நரம்பு செல்லும் பாதையில், பெரும்பாலும் வலி முன்னே வந்து கொப்புளம் பின்னே வரும். குழந்தைகளுக்கு இது அரிது, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அதிகம். உண்மையிலேயே அக்கியாக இருந்தால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. காவி எழுதிக் காத்திருப்பதில் எனக்குள்ள கவலை, இந்த நேரம் வீணாகிவிடுமே என்பதுதான்.

இனி மருந்து. பூச்சி நசுங்கியது தெரிந்தவுடனே அந்த இடத்தையும் தொட்ட விரல்களையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். உடுத்திய துணியையும் தலையணை உறையையும் துவைத்துவிடுங்கள். சிவந்த பின் குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றி வைப்பது இதமளிக்கும். மருத்துவர் பார்த்து மிதமான ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்களுக்குத் தரக்கூடும். மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்புகளைக் குழந்தையின் கழுத்தில் தடவாதீர்கள். நம் ஊரில் தோல் கெடுவதற்கு இவையே பெரிய காரணம் என்பது என் அனுபவம். சுண்ணாம்பும் பற்பசையும் வேண்டவே வேண்டாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ, கண்ணில் பட்டு இமை வீங்கினாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இது மற்றவருக்குத் தொற்றாது. ஒன்று முதல் மூன்று வாரங்களில் ஆறிவிடும். அதன்பின் எஞ்சும் கருந்தழும்பு மங்கச் சில மாதங்கள் ஆகலாம், வெயில் படாமல் காப்பது உதவும்.

பூச்சியை ஒழிக்க வயலில் மருந்து தெளிக்கச் சொல்லிவிடாதீர்கள். நெல்லைக் கெடுக்கும் புகையானையும் தத்துப்பூச்சியையும் தின்பது இதே வண்டுதான். உழவருக்கு அது வேண்டிய பூச்சி. அறுவடையில் இருப்பிடம் கலைவதாலும் மழை ஈரத்தாலும் அது கிளம்பி வெள்ளை வெளிச்சத்தை நாடி வருகிறது. அந்தி சாயும்போதே சன்னலை அடைத்து, நெருக்கமான வலை போட்டு, விளக்கின் நேர் கீழே படுக்கை விரிக்காமல் இருந்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மேலே உட்கார்ந்தால் ஊதிவிடுங்கள், அல்லது ஒரு தாளில் ஏறவிட்டு வெளியே உதறுங்கள்.

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தின் நடுவே எங்கள் ஓட்டு வீடு உள்ளது. கோடை மழை பெய்ததும் கறுப்பு வண்டுகள் ஆயிரக்கணக்கில் உள்ளே புகுந்துவிடுகின்றன. இவையும் அதே பூச்சிதானா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: அல்ல. இவை ரப்பர் மரம் உதிர்த்த இலைச் சருகில் வளர்ந்து, கோடை மழை தொடங்கியதும் கூட்டமாக வீடுகளுக்குள் வந்து ஓட்டின் இடுக்கிலும் மச்சிலும் மாதக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கும் முப்ளி வண்டுகள். தொந்தரவு செய்தால் நாற்றமடிக்கும் ஒரு நீரைக் கக்கும். அது தோலில் பட்டால் எரிச்சலும் சிலருக்குக் கொப்புளமும் வரும். அவற்றையும் கையால் நசுக்காமல் துடைப்பத்தால் கூட்டி, சோப்பு கரைத்த தண்ணீர் உள்ள வாளியில் கொட்டிவிடுங்கள். கூட்டுபவர் கையுறை அணிவதும், முடிந்தவுடன் கைகளைக் கழுவுவதும், அதுவரை கண்ணைத் தொடாமலிருப்பதும் அவசியம்.