சேலம் துறைமுகக் கொலை, 1830: கேட்டவர்களுக்குப் பதில்கள்

போன வாரம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் கேப்டன் ஜோசப் ஒயிட் கொலையானதைப் பற்றி நாலு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாருக்கும் ஒரே அளவில் பதில் வராது, கோபிக்க வேண்டாம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்த வழக்கில் அரசுத் தரப்பில், பெயர்பெற்ற வக்கீலும் செனட்டருமான டேனியல் வெப்ஸ்டர் பேசிய பேச்சு அச்சில் கிடைக்கிறது. பிரமாதமான பேச்சு. அதைச் சாட்சியம் என்று நம்பிவிடாதீர்கள்.

சேலத்துக்காரன்: அண்ணா, நம்ம சேலத்துக்கும் அந்தச் சேலத்துக்கும் தொடர்பு உண்டா?

பெயரில் இல்லை தம்பி. அது சமாதானம் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. வியாபாரத்தில் உண்டு. அந்த ஊர்க் கப்பல்கள் கல்கத்தா, சென்னை, சுமத்ரா வரை வந்து துணியும் மிளகும் ஏற்றிப் போயின. அமெரிக்காவுக்கு முதல் யானையை 1796-இல் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோனவர் அந்த ஊர் ஜேக்கப் கிரவுனின்ஷீல்ட். அதே குடும்பப் பையன்தான் 34 வருஷம் கழித்து இந்தக் கொலையைச் செய்தான்.

பாதித்தூக்கம்: எனக்குக் கதையே தெரியாது சார். முதலிலிருந்து சொல்லுங்களேன்.

1830 ஏப்ரல் 6 இரவு. ஒயிட்டுக்கு 82 வயது. கப்பலோட்டியும் கப்பல் முதலாளியாக இருந்தும் சம்பாதித்து, எசெக்ஸ் தெருவில் மூன்று மாடிச் செங்கல் வீட்டில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொண்ட உறவுக்காரப் பெண் பெக்ஃபோர்டு அம்மாள் அன்றைக்கு வென்ஹாமில் மகள் வீட்டில். விடிந்ததும் வேலைக்காரர் பின்பக்கம் பார்த்தால் ஒரு ஜன்னல் திறந்து கிடக்கிறது, அதில் ஒரு பலகை சாய்த்து வைத்திருக்கிறது. மாடியில் கிழவர் படுக்கையில் செத்துக் கிடக்கிறார். மண்டையில் ஒரே அடி, எலும்பு உடைந்திருக்கிறது, தோல் கிழியவில்லை. பிறகு 13 கத்திக்குத்து. தூக்கத்திலேயே அடி விழுந்திருக்கிறது, எழக்கூட இல்லை.

தங்கக் காசு இருந்த இடத்திலேயே இருந்தது. வெள்ளிப் பாத்திரத்தையும் யாரும் தொடவில்லை. ஊர் மிரண்டதற்கு இதுதான் காரணம். திருடன் என்றால் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். எதையும் எடுக்காதவன் வேறு எதற்கு வந்தான்? 27 பேர் கொண்ட கண்காணிப்புக் குழு ஒன்றை ஊரே அமைத்தது.

மழைக்குருவி: சேலம் என்றால் சூனியக்காரிகளை எரித்த ஊர்தானே?

அது 1692. இதற்கு 138 வருஷம் முன்னால். எரிக்கவில்லை, 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஒருவரைக் கல்லை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள்.

மருமகள் எண் இரண்டு: யார் செய்தது, ஏன்? சொத்துதானே?

சொத்துதான். பெக்ஃபோர்டு அம்மாளின் மருமகன் ஜோசப் நாப், சுருக்கமாக ஜோ. கிழவருக்குப் பிடிக்காத கல்யாணம். உயில் இல்லாமல் கிழவர் செத்தால் சொத்தில் பாதி மாமியாருக்கு வரும், அங்கிருந்து தனக்கு வரும் என்று ஜோ கணக்குப் போட்டான். பெட்டியில் இருந்த உயிலைத் திருடினான், பின்ஜன்னலின் தாழை முன்கூட்டியே எடுத்துவிட்டு வந்தான். தம்பி ஃபிராங்க் மூலமாக ரிச்சர்ட் கிரவுனின்ஷீல்டை 1000 டாலருக்குப் பேசினான். உள்ளே போய் அடித்ததும் குத்தியதும் ரிச்சர்ட். கொடுமை என்னவென்றால் ஜோ திருடியது கடைசி உயிலே இல்லை. செல்லுபடியாகும் உயில் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தது. பெரும்பங்கு கிழவரின் சகோதரர் மகன் ஸ்டீஃபன் ஒயிட்டுக்குப் போனது.

தபால்தலை: எப்படி மாட்டினார்கள்?

உங்கள் பெயருக்கு ஏற்ற கேள்வி, தபாலில்தான் மாட்டினார்கள். திட்டத்தை ஒட்டுக்கேட்டிருந்த பால்மர் என்ற பழைய கைதி, மெய்ன் மாநிலத்து பெல்ஃபாஸ்டிலிருந்து 'சார்லஸ் கிராண்ட்' என்ற பொய்ப் பெயரில் பணம் கேட்டு மிரட்டிக் கடிதம் போட்டான். போய்ச் சேர்ந்தது ஜோவின் அப்பா கைக்கு, ஏனென்றால் அவர் பெயரும் ஜோசப் நாப். பெரியவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மகனிடமே கொண்டுபோய்க் காட்டினார். ஜோ சிரித்துவிட்டு, இது ஏதோ குப்பை, கண்காணிப்புக் குழுவிடம் கொடுங்கள் என்றான்! வேறென்ன சொல்ல முடியும், அப்பா முன்னால் முகம் மாறக்கூடாதே. குழு மெய்னில் ஒரு தபால் நிலையத்தில் ஆள் வைத்துப் பால்மரைப் பிடித்தது. இடையில் ஜோ வேறு பழியை ஸ்டீஃபன் ஒயிட் பக்கம் திருப்ப அதே 'கிராண்ட்' பெயரில் போலிக் கடிதம் எழுதி, கையெழுத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். சும்மா இருந்திருந்தால் தப்பியிருப்பானோ என்னவோ.

ஆடிக்காற்று: சூனியக்காரிகள் வழக்குக்கும் இதற்கும்...

மேலே பாருங்கள்.

கறுப்புக்கோட்டு: வக்கீலாகக் கேட்கிறேன். உள்ளே போனவன் ரிச்சர்ட். அவன் சிறையிலேயே செத்துவிட்டான் என்று படித்தேன். பிறகு எப்படி நாப் சகோதரர்களைத் தூக்கில் போட்டார்கள்?

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொலைகாரன் யார் என்பது ஜூனுக்குள் தெரிந்துவிட்டது. வழக்கின் முடிச்சு அதற்கப்புறம்தான் விழுகிறது. அன்றைய சட்டப்படி, முதல் குற்றவாளிக்கு, அதாவது குற்றத்தை நேரில் செய்தவனுக்கோ அங்கேயே நின்று உதவியவனுக்கோ, தண்டனை ஆகாமல் உடந்தையாளரை விசாரிக்கவே முடியாது. ரிச்சர்டுக்கு இது தெரியும். ஜூன் 15 அன்று சிறை அறையில் இரண்டு கைக்குட்டைகளை முடிந்து தூக்குப் போட்டுக்கொண்டான். தான் போனால் தம்பி ஜார்ஜும் நாப் பையன்களும் பிழைப்பார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது.

ஜோ ஏற்கெனவே, மன்னிப்பு உண்டு என்ற வாக்குறுதியின் பேரில் ஒரு பாதிரியாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தான். தம்பி வழக்கில் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல மாட்டேன் என்று பின்வாங்கியதும் அந்த மன்னிப்பும் போனது. இப்போது அரசுக்கு ஒரு 'முதல் குற்றவாளி' வேண்டும். கொலை நேரத்தில் ஃபிராங்க், ஒயிட் வீட்டுக்குப் பின்னால் பிரவுன் தெருவில் நின்றான், உதவத் தயாராக நின்றதால் அவனும் முதல் குற்றவாளியே என்று வாதாட வெப்ஸ்டரை இறக்கினார்கள். ஆகஸ்ட்டில் முதல் ஜூரி ஒத்துப்போகவில்லை. இரண்டாவது ஜூரி குற்றவாளி என்றது. செப்டம்பர் 28-இல் ஃபிராங்க் தூக்கில். வழி திறந்ததும் நவம்பரில் ஜோவை உடந்தையாளனாக விசாரித்து டிசம்பர் 31-இல் தூக்கில் போட்டார்கள். ஜார்ஜ் விடுதலை.

கறுப்புக்கோட்டு: இதில் என்ன தவறு சார்? 1925-இல் பரேந்திர குமார் கோஷ் வழக்கில் பிரிவி கவுன்சில், அதாவது நமக்கு அன்றைக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம், இதையேதான் சொன்னது. தபால் நிலையத்தில் சுட்டவன் வேறு, வெளியே நின்றவனுக்கும் அதே குற்றம். இ.பி.கோ. 34, பொது நோக்கத்தோடு சேர்ந்து செய்த குற்றத்துக்கு எல்லாரும் பொறுப்பு.

வருவீர்கள் என்று தெரியும். கோஷ் அந்தக் கட்டடத்து வாசலிலேயே நின்றார், கூட்டாளிகள் உள்ளே சுடும்போது. ஃபிராங்க் நின்றது அடுத்த தெருவில், அதுவும் நின்றது அவன்தானா என்பதே தகராறு. சாட்சிகள் பார்த்தது இரவில் மேலங்கியும் பளபளக்கும் தொப்பியும் போட்ட ஒரு ஆளை. எதிர்த்தரப்பு வக்கீல் ஃபிராங்க்ளின் டெக்ஸ்டர் கேட்டது இதைத்தான்: அங்கே நின்று இவன் என்ன உதவி செய்திருக்க முடியும்?

கறுப்புக்கோட்டு: ஆள் வந்தால் எச்சரிக்கலாம். தெருவில் நிற்பதே உதவிதான்.

எச்சரிக்கலாம் என்பது ஊகம். எச்சரிக்க நின்றான் என்பதை நிரூபிக்க வேண்டும்.

மருமகள் எண் இரண்டு: குறுக்கே பேசுகிறேன். அவன் சதியில் இருந்தான் என்பதில் உங்களுக்கே சந்தேகம் இல்லையே? பிறகு எதற்கு வக்காலத்து?

சதியில் இருந்தான் அம்மா, ஐயமே இல்லை. ஆனால் அவன் செய்தது ஒன்று, தூக்கில் போட்டது இன்னொன்றுக்காக. சட்டத்தில் இருந்த ஓட்டையை அடைக்க ஒரு ஆளை ஒரு தெருவில் நிற்க வைத்தார்கள் என்பது என் கட்சி. 'தற்கொலையே ஒப்புதல்' என்று வெப்ஸ்டர் முழங்கினார், யார் தற்கொலை? ரிச்சர்ட். கூண்டில் நின்றது ஃபிராங்க். இன்னொன்று, வெப்ஸ்டருக்கு 1000 டாலர் கொடுத்தது பெரும்பங்கு வாங்கிய ஸ்டீஃபன் ஒயிட். ரிச்சர்டுக்குப் பேசியதும் அதே தொகை! 1836-இல் வெப்ஸ்டர் மகனுக்கும் ஸ்டீஃபன் மகளுக்கும் கல்யாணமே நடந்தது.

கறுப்புக்கோட்டு: சம்பந்தியானதெல்லாம் சாட்சியமா சார்?

இல்லை. ஒப்புக்கொள்கிறேன். பேச்சைச் சாட்சியமாக எடுக்காதே என்று ஊருக்குச் சொல்லிவிட்டு நானே அதைச் செய்கிறேன். ஆனால் பிரவுன் தெருவில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கறுப்புக்கோட்டு: நானும்தான்.

புளியங்கொம்பு: 'க்ளூ' பலகை விளையாட்டு இந்தக் கொலையிலிருந்துதான் பிறந்தது என்கிறார்களே?

அதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்துக்காரர், ஆந்தனி பிராட். சேலத்தைச் சேர்ந்த பார்க்கர் பிரதர்ஸ் அமெரிக்காவில் விற்றார்கள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை: வெப்ஸ்டர் பேச்சைப் படித்தேன், கொலை அப்படியே கண்முன் நடக்கிறது!

நடக்கும். நிலா வெளிச்சம் கிழவரின் நரைமுடியில் விழுவதை வெப்ஸ்டர் எப்படிப் பார்த்தார் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

நாட்டுச்சர்க்கரை: கிழவர் நல்லவரா?

அடிமை வியாபாரத்தில் சம்பாதித்தவர். அதற்காக மனம் உறுத்தாதவர் என்று அந்த ஊர்ப் பாதிரியார் வில்லியம் பென்ட்லி தன் நாட்குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார். வெப்ஸ்டர் பேச்சில் இந்தப் பக்கம் வராது.

பூனைக்கண்: சூனியக்காரிகள் பற்றி ஒரே ஒரு கேள்வி...

வேண்டாம்.

தபால்தலை: அந்த வீடு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகம் பராமரிக்கிறது. பாஸ்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். முன்வாசலில் வளைந்த தூண் முகப்பு இருக்கும், எல்லாரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். அங்கிருந்து பிரவுன் தெருவுக்கு நடந்து பாருங்கள், கறுப்புக்கோட்டு சாரையும் கூட்டிக்கொண்டு.